அபினை எதிர்த்த பிஷப்: உலகப் போதைச் சட்டங்களுக்கு விதை போட்ட சார்லஸ் பிரென்ட் யார்?

போதைப்பொருளோடு பிடிபட்டவர் மீது என்.டி.பி.எஸ். சட்டத்தில் வழக்கு. இந்த மாதிரி ஒரு செய்தி கண்ணில் படாமல் ஒரு வாரம்கூடப் போவதில்லை. அந்தச் சட்டத்தை இந்தியா கொண்டுவந்தது 1985-ல். அதற்கு அடிப்படையாக இருந்தது 1961-ல் ஐ.நா. கொண்டுவந்த சர்வதேச ஒப்பந்தம். இன்னும் பின்னாடி போனால், 1912-ல் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் கையெழுத்தான ஒரு ஒப்பந்தத்தில் போய் நிற்போம். போதைப்பொருளைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து போட்ட முதல் ஒப்பந்தம் அதுதான்.

அந்த மாநாட்டில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் போலீஸ் அதிகாரி இல்லை, டாக்டர் இல்லை, வக்கீலும் இல்லை. மணிலாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிறிஸ்தவ மிஷனரி. பெயர் சார்லஸ் ஹென்றி பிரென்ட். அவர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்? அவர் செய்தது முழுக்க நல்லதுதானா? ரெண்டாவது கேள்விக்கு இன்னமும் நேரான பதில் கிடையாது.

மெழுகுவர்த்தியால் போன வேலை

பிரென்ட் பிறந்தது 1862 ஏப்ரல் 9. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நியூகாசில் என்ற சின்ன ஊர். அப்பா ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருவானவர். வீட்டில் பத்துப் பிள்ளைகள். டொரன்டோவில் டிரினிட்டி கல்லூரியில் படித்து, ரெண்டு வருஷம் பள்ளி ஆசிரியராக இருந்து, 1887-ல் இவரும் குருவானவர் ஆனார். கனடாவில் காலியிடம் இல்லாததால் எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக்குப் போனார்.

அங்கே அவரை ஒரு சின்ன ஆலயத்துக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். அவர் பலிபீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார். அது கத்தோலிக்க வழக்கம் மாதிரி இருக்கிறது என்று அந்த வட்டார பிஷப்புக்குப் பிடிக்கவில்லை. பேச்சு முற்றி, பிரென்ட் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினார். முப்பது வருஷம் கழித்து அதே வட்டாரத்துக்கு அவரே பிஷப்பாகத் திரும்பி வந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும்.

பஃபலோவிலிருந்து பாஸ்டன். ஒரு ஆங்கிலிக்கன் துறவற அமைப்போடு தங்கி, கறுப்பின மக்கள் வழிபடும் ஆலயம் ஒன்றைக் கவனித்துக்கொண்டார். துறவியாகிவிடலாம் என்ற யோசனைகூட இருந்தது. ஆனால் அமைப்பின் மேலிடத்தோடு ஒத்துப்போகாமல் 1891-ல் வெளியே வந்தார். அந்த வருஷமே அமெரிக்கக் குடியுரிமை வாங்கினார்.

அடுத்த பத்து வருஷம்தான் அவரைச் செதுக்கியது என்று நினைக்கிறேன். பாஸ்டனின் சவுத் எண்ட் பகுதியில் செயின்ட் ஸ்டீபன் ஆலயம். சுற்றிலும் புலம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த வாடகை வீடுகள், மதுக்கடைகள், தெருவில் படுத்துக்கிடக்கும் ஆண்கள். பிரென்டும் சக குருவானவர் ஹென்றி டார்பெர்ட்டும் அங்கே தங்கும் விடுதி ஒன்றையும் ஒரு விறகுக் கிடங்கையும் நடத்தினார்கள். யாரையும் சும்மா உட்கார வைத்துச் சோறு போடவில்லை. விறகு பிளந்தால் சாப்பாடும் படுக்கையும். கையேந்தாமல் சாப்பிட்டோம் என்ற மரியாதையாவது மிஞ்சட்டும் என்பது கணக்கு. கண்டிப்பும் கரிசனமும் கலந்த அந்தப் பழக்கம் கடைசிவரைக்கும் அவரிடம் இருந்தது. அபின் விஷயத்திலும் அதே குணம்தான் வெளிவந்தது.

மணிலா எதற்கு?

1898-ல் ஸ்பெயினைத் தோற்கடித்து அமெரிக்கா பிலிப்பைன்ஸைப் பிடித்தது. சுதந்திரம் கேட்ட பிலிப்பைன்ஸ் மக்களோடு அடுத்து ஒரு கொடூரமான போர். அந்த ரத்தம் காய்வதற்கு முன்னாலேயே, 1901-ல், அமெரிக்க எபிஸ்கோபல் திருச்சபை அந்தத் தீவுகளுக்குத் தன் முதல் பிஷப்பாக பிரென்டைத் தேர்ந்தெடுத்தது. 1902 ஆகஸ்டில் மணிலா வந்து இறங்கினார். அதே கப்பலில் வந்தவர் அங்கே கவர்னராக இருந்த வில்லியம் டாஃப்ட், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி. ஆட்சியாளர்களோடு சேர்ந்து வந்தவர் என்ற முத்திரை முதல் நாளே விழுந்துவிட்டது.

மிஷனரி என்றாலே மதமாற்றம்தான் என்று நினைப்போம். பிரென்ட் ஒரு வித்தியாசமான முடிவு எடுத்தார். பிலிப்பைன்ஸில் பெரும்பாலானோர் ஏற்கெனவே கத்தோலிக்கர்கள். அவர்களைத் தன் சபைக்கு இழுப்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அமெரிக்காவில் இருந்த ஆதரவாளர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. அவர் போனது யாரும் போகாத பக்கம்: வடக்கே மலையில் வாழும் இகரோட் மக்கள், தெற்கே மோரோ முஸ்லிம்கள், மணிலாவில் சீனர்கள், நகரத்து ஏழைகள்.

1903-ல் ஏழைகளுக்கு ஒரு இலவச மருந்தகம் தொடங்கியது அவருடைய மிஷன். அதுதான் வளர்ந்து செயின்ட் லூக்ஸ் மருத்துவமனை ஆனது. அனாதைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம், சீனர்களுக்காகச் சீன மொழியிலேயே வழிபாடு நடக்கும் ஒரு சபை. ஊர் விட்டு ஊர் வந்த அமெரிக்க இளைஞர்கள் மதுக்கடைப் பக்கம் ஒதுங்காமல் இருக்க, விளையாட்டு வசதியோடு ஒரு கிளப்கூட ஆரம்பித்தார். காசு? அமெரிக்காவில் இருந்த பணக்கார நண்பர்களுக்குக் கடிதம் மேல் கடிதம்.

அபின் குத்தகை என்றால் என்ன?

இங்கே கொஞ்சம் நின்று பின்னணியைப் பார்த்துவிடலாம். இல்லையென்றால் மீதிக் கதை புரியாது.

நூறு வருஷத்துக்கு முன்னால் ஆசியாவில் அபின் என்பது தடை செய்யப்பட்ட சரக்கு இல்லை, அரசாங்க வருமானம். பிரிட்டிஷ் இந்தியாவில் பாட்னா, காஜிப்பூர் ஆலைகளில் அரசே அபின் தயாரித்து, கல்கத்தாவில் ஏலம் விட்டது. அது கப்பல் ஏறிச் சீனாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் போனது. காய்ச்சிப் புகைக்கும் அபினுக்கு மலாயா பக்கம் சண்டு என்று பெயர். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் குடியேற்றத்தின் வருமானத்தில் சுமார் பாதி இந்தச் சண்டில் இருந்து வந்தது. பகல் முழுக்கச் சுமை தூக்கிய சீனக் கூலிகளும் ரிக்‌ஷா இழுத்தவர்களும் உடம்பு வலி மறக்க ராத்திரி அதைப் புகைத்தார்கள். அவர்களுடைய கூலியில் ஒரு பங்கு அப்படியே அரசு கஜானாவுக்குத் திரும்பிப் போனது.

விற்கும் உரிமையை அரசு ஏலத்தில் விடும். சாராயக்கடை ஏலம் மாதிரியேதான். அதிகத் தொகை கேட்டவருக்குக் குத்தகை. பிலிப்பைன்ஸில் ஸ்பெயின்காரர்களும் இதைத்தான் செய்தார்கள், ஆனால் சீனர்களுக்கு மட்டும் என்ற வரம்போடு. அமெரிக்கா வந்ததும் குத்தகையை நிறுத்திவிட்டு இறக்குமதிக்கு வரி மட்டும் போட்டது. அந்தச் சமயம் பார்த்து 1902-ல் காலரா வந்தது. ரெண்டு வருஷத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் சாவு. அபின் காலராவுக்கு மருந்து என்று நம்பி, அதுவரை தொடாத பிலிப்பைன்ஸ் மக்களும் அதை எடுக்க ஆரம்பித்தார்கள்.

பழையபடி குத்தகை முறையே கொண்டுவந்துவிடலாம், வரும் பணத்தைப் பள்ளிகளுக்குச் செலவிடலாம் என்று 1903-ல் டாஃப்ட் அரசு ஒரு மசோதா தயாரித்தது. மணிலாவில் இருந்த மெதடிஸ்ட் மிஷனரிகள் கொதித்தார்கள். சீன வணிகர்களும் எதிர்த்தார்கள், இதை மறந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் இருந்து ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டுக்குத் தந்திகள் குவிந்தன. மசோதா நின்றது. முதலில் விஷயத்தை ஆராய்வோம் என்று மூன்று பேர் குழு போட்டார்கள்: ராணுவ மருத்துவர் மேஜர் எட்வர்ட் கார்ட்டர், பிலிப்பைன்ஸ் மருத்துவர் ஹோசே ஆல்பர்ட், பிஷப் பிரென்ட்.

ஊர் ஊராகச் சுற்றிய மூன்று பேர்

சுமார் ஐந்து மாதம் சுற்றினார்கள். ஜப்பான், தைவான், ஷாங்காய், ஹாங்காங், சைகோன், சிங்கப்பூர், பர்மா, ஜாவா. அதிகாரிகள், மருத்துவர்கள், வியாபாரிகள், புகைப்பவர்கள் என்று எல்லாத் தரப்பிடமும் கேட்டார்கள்.

அவர்களுக்குப் பிடித்துப்போனது தைவான். 1895-ல் அந்தத் தீவைப் பிடித்த ஜப்பான், அபின் வியாபாரத்தை முழுக்க அரசிடம் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே அடிமையானவர்களுக்கு மட்டும் லைசென்ஸ் கொடுத்தது. புதிதாக யாரையும் சேர விடாமல், பழையவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது திட்டம். (ஜப்பானுக்கும் அதில் நல்ல வருமானம் இருந்தது. குழு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.)

1904-ல் வந்த அறிக்கையும் அந்த வழியில்தான் இருந்தது. மூன்று வருஷம் அரசே விற்கட்டும். 21 வயது தாண்டிய, ஏற்கெனவே பழகிப்போன ஆண்களுக்கு மட்டும் லைசென்ஸ். விட நினைப்பவர்களுக்கு மருத்துவமனையில் சிகிச்சை. பள்ளிகளில் அபின் பற்றிப் பாடம். மூன்று வருஷம் முடிந்ததும் முழுத் தடை.

அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். அதற்குப் பத்து வருஷம் முன்னால்தான் இந்தியாவில் அபின் பற்றி விசாரிக்க பிரிட்டன் ஒரு ராயல் கமிஷன் போட்டது. மிதமாக எடுத்தால் பெரிய கெடுதல் இல்லை என்று சொல்லி அது வியாபாரத்தைக் காப்பாற்றிவிட்டது. மணிலா குழுவின் அறிக்கை அதை மறுத்த முதல் அரசாங்க ஆவணங்களில் ஒன்று. சீனாவிலும் அது படிக்கப்பட்டது.

1905-ல் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டது. பிலிப்பைன்ஸ் மக்களுக்கு உடனடித் தடை, மற்றவர்களுக்கு 1908 மார்ச் 1 முதல். மருந்துக்கு மட்டும் விலக்கு.

ஒரு கடிதத்தில் தொடங்கிய மாநாடு

சட்டம் வந்தால் போதுமா? ஏழாயிரம் தீவுகள் உள்ள நாடு. கொஞ்ச தூரத்தில் ஹாங்காங், இன்னொரு பக்கம் போர்னியோ. ரெண்டு இடத்திலும் அபின் சட்டப்படி கிடைக்கும். ஒரு வீட்டுக் கதவை மட்டும் பூட்டிப் பயனில்லை என்பது அந்தச் சுற்றுப்பயணத்திலேயே பிரென்டுக்குத் தெரிந்திருந்தது. 1906 ஜூலையில் ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிழக்கில் அபினோடு சம்பந்தப்பட்ட எல்லா நாடுகளையும் ஒன்றாக உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் சாரம்.

நேரமும் கூடிவந்தது. அந்த வருஷமே சீனப் பேரரசு பத்து வருஷத்தில் அபினை ஒழிப்பதாக அறிவித்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இந்திய அபின் வியாபாரத்தைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. சீனாவுக்கு அனுப்பும் இந்திய அபினை வருஷாவருஷம் குறைக்க 1907-ல் உடன்பாடு வந்தது. சீனச் சந்தையில் தன் நாட்டு வியாபாரிகளுக்கு நல்ல பெயர் வேண்டும் என்ற கணக்கு அமெரிக்காவுக்கும் இருந்தது. வெறும் தர்ம சிந்தனையால் மட்டும் ஒரு அரசாங்கமும் நகர்வதில்லை.

1909 பிப்ரவரியில் ஷாங்காயில் 13 நாடுகள் கூடின. பிரென்டைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பிரிட்டிஷ் தரப்புக்குத் தலைமை தாங்கியவர் சர் செசில் கிளெமென்டி ஸ்மித், அபின் பணத்தில் ஓடிய அதே சிங்கப்பூருக்கு முன்னாள் கவர்னர். இன்னொரு தர்மசங்கடம் அமெரிக்காவுக்கே. உலகத்துக்குப் புத்தி சொல்ல வந்த நாட்டில், நாடு முழுக்கச் செல்லும் அபின் தடைச் சட்டம் ஒன்றுகூட இல்லை. கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வாஷிங்டனில் அவசர அவசரமாக ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள்.

ஷாங்காய் தீர்மானங்கள் யாரையும் கட்டுப்படுத்தாது. அதனால் அடுத்த சுற்று: 1911 டிசம்பரில் தி ஹேக், 12 நாடுகள், மறுபடியும் பிரென்ட்தான் தலைவர். இந்த முறை மார்ஃபின், கொக்கேய்ன், ஹெராயினும் பட்டியலில் வந்தன. மருந்துத் தொழிலில் பெரிய ஆளான ஜெர்மனி, உலகம் முழுக்க ஒப்புக்கொண்டால்தான் நாங்களும் என்று முட்டுக்கட்டை போட்டது. ஒப்பந்தம் கையெழுத்தாகியும் நடைமுறைக்கு வராமல் இழுத்துக்கொண்டே போனது. பிறகு உலகப்போர். போர் முடிந்து 1919-ல் போட்ட வெர்சாய் உடன்படிக்கையில் ஒரு பிரிவைச் செருகினார்கள்: இந்தச் சமாதான உடன்படிக்கையை ஏற்றால் அபின் ஒப்பந்தத்தையும் ஏற்றதாக அர்த்தம். இப்படித்தான் அது உலகச் சட்டமானது.

சரி, அடிமையானவர்கள் என்ன ஆனார்கள்?

இதுதான் கஷ்டமான பகுதி. பாஸ்டனில் பிரென்ட் பார்த்தது முகங்களை. ஷாங்காயிலும் ஹேக்கிலும் மேஜையில் இருந்தவை ஏற்றுமதி, இறக்குமதி, வரி. அபினை விட்டவன் அந்த ராத்திரியை எப்படித் தாண்டுவான் என்ற கேள்வி ஓரத்துக்குப் போய்விட்டது.

சீனாவில் அப்போது ஒரு வேடிக்கையான, சோகமான விஷயம் நடந்துகொண்டிருந்தது. அபின் பழக்கத்தை விடவைக்க மிஷனரிகள் மார்ஃபின் கலந்த மாத்திரை கொடுத்தார்கள். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் இயேசு அபின். பழக்கம் போகவில்லை, சரக்குதான் மாறியது. தெருவில் விற்ற பல அபின் ஒழிப்பு மாத்திரைகளிலும் அதே மார்ஃபின்தான்.

பிலிப்பைன்ஸில் தடைக்குப் பிறகு புகைப்பவர்கள் குறைந்தார்கள் என்பது உண்மை. கடத்தல் முளைத்ததும் உண்மை. சந்தேகப் பார்வை முழுக்கச் சுமார் 40,000 பேர் இருந்த சீன சமூகத்தின் மேல் விழுந்தது. அமெரிக்காவில் ஹேக் ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி 1914-ல் ஹாரிசன் சட்டம் வந்தது. காகிதத்தில் அது வரிச் சட்டம். 1919-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றுக்குப் பிறகு, அடிமையானவருக்குப் பழக்கத்தைத் தாங்க மருந்து எழுதிக்கொடுத்த டாக்டர்கள் மேலேயே வழக்குப் பாய்ந்தது. அவர்களுக்காக நடந்த கிளினிக்குகள் மூடப்பட்டன. நோயாளி குற்றவாளி ஆனார்.

இதற்கெல்லாம் பிரென்ட் நேரடிப் பொறுப்பா? இல்லை. 1904 அறிக்கையில் அவர் கேட்டது படிப்படியான தடையும் சிகிச்சையும். ஆனால் மருந்துக்குத் தவிர வேறு எதற்கும் அபின் கூடாது, அதற்கு வெளியே எல்லாம் குற்றம் என்ற கோட்டை அழுத்திப் போட்டவர்களில் முக்கியமானவர் அவர்தான். அந்தக் கோட்டை அரசாங்கங்கள் பிடித்துக்கொண்டன. சிகிச்சைப் பக்கத்தை விட்டுவிட்டன.

இன்னொரு குறையும் சொல்லியாக வேண்டும். பிலிப்பைன்ஸ் மக்கள் தங்களைத் தாங்களே ஆள இன்னும் தயாராகவில்லை என்று நம்பியவர் அவர். சீக்கிரம் சுதந்திரம் தருவதை வெளிப்படையாக எதிர்த்தார். விறகு பிளந்தால்தான் சாப்பாடு என்ற அதே மனசு, ஒரு நாட்டின் மேல் வைக்கும்போது எவ்வளவு கோணலாகிறது பாருங்கள்.

கடைசி வருஷங்கள்

அமெரிக்காவில் வசதியான பிஷப் பதவிகள் தேடி வந்தபோதெல்லாம் மறுத்தவர், இதயம் பலவீனமான பிறகுதான் மணிலாவை விட்டார். 1917-ல் மேற்கு நியூயார்க் வட்டாரம் அவரைத் தேர்ந்தெடுத்தது. அதன் தலைநகரம் பஃபலோ, அந்த மெழுகுவர்த்தி ஊர். நடுவில் முதல் உலகப்போரில் பிரான்ஸில் இருந்த அமெரிக்கப் படையின் ராணுவக் குருமார்களுக்குத் தலைவரானார். தளபதி பெர்ஷிங் அவருக்கு பிலிப்பைன்ஸ் காலத்து நண்பர்.

அபினை முழுக்க விட்டுவிடவும் இல்லை. 1924-25-ல் ஜெனீவாவில் அடுத்த அபின் மாநாடு நடந்தபோது அமெரிக்கக் குழுவில் அவரும் ஒருவர். தூரக்கிழக்குக் காலனிகளில் அபின் விற்பனையை நிறுத்தத் தேதி சொல்ல ஐரோப்பிய நாடுகள் மறுக்க, அந்தக் குழு மாநாட்டை விட்டு வெளியேறியது.

வாழ்க்கையின் ரெண்டாவது பெரிய வேலை, பிரிந்து கிடக்கும் திருச்சபைகளை ஒரே மேஜைக்குக் கொண்டுவருவது. 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அந்த எண்ணம் அவருக்கு வந்தது. நம்ம திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வி.எஸ். அசரியா, வெள்ளைக்கார மிஷனரிகள் இந்தியர்களை நண்பர்களாக நடத்தாததை அந்த மேடையிலேயே நேருக்கு நேர் பேசி அதிரவைத்த மாநாடு அது. 1927-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் சுமார் 400 பேரோடு திருச்சபை ஒற்றுமை மாநாடு கூடியபோது தலைமை பிரென்ட். அப்போது தோர்ணக்கல் பிஷப்பாகிவிட்ட அசரியாவும் வந்திருந்தார். அசரியா பல வருஷம் பாடுபட்ட தென்னிந்தியத் திருச்சபை இணைப்பு 1947-ல் சென்னையில் நடந்தது. அதைப் பார்க்க ரெண்டு பேருமே இல்லை.

பிரென்ட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1929 மார்ச் 27-ம் தேதி, அதே லோசானில், 66 வயதில் இறந்துபோனார். உடலைக் கப்பலேற்றி ஊருக்குக் கொண்டுபோகவில்லை, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

பிலிப்பைன்ஸ் மலைநகரம் பாகியோவில் 1909-ல் அவர் தொடங்கிய பள்ளி இப்போது அவர் பெயரிலேயே நடக்கிறது. ஏழைகளுக்காகத் திறந்த அந்த மருந்தகம் இன்றைக்கு மணிலாவின் மிகப் பெரிய தனியார் மருத்துவமனைகளில் ஒன்று. காஜிப்பூர் அபின் ஆலையும் மூடப்படவில்லை. கங்கைக் கரையில் அரசுத் தொழிற்சாலையாக, மருந்துக்கான அபினை மட்டும் பதப்படுத்திக்கொண்டிருக்கிறது.